பளிங்குக்குள் வளையமாகும் பெப்தைட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வுக்கு எடுத்த விடயம், சிறிய பெப்தைட்டுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகள், திண்மநிலையிலேயே வளையமாக மூடிக்கொள்வது. ஒருநாள் வகுப்பில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. மாணவர்கள், பெற்றோர், பாமசி வைத்திருக்கும் ஒரு நண்பர் என்று பலரும் கேட்டவற்றை, நான் சொன்ன பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விடயம் என்பதால் சில இடங்களில் பதில் நீண்டுவிட்டது.

பெப்தைட்டு வளையமாவது என்றால் என்ன?

ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு பக்கம் அமீன், மறு பக்கம் காபொட்சிலிக் அமிலம். ஒன்றின் அமிலமும் அடுத்ததன் அமீனும் ஒரு நீர் மூலக்கூறை விட்டுச் சேர்ந்தால் கிடைப்பது இருபெப்தைட்டு. அதன் ஒரு நுனியில் இன்னும் ஓர் அமீன் சும்மா இருக்கிறது, மறு நுனியில் ஓர் அமிலம் சும்மா இருக்கிறது. மூலக்கூறு தன்னைத்தானே வளைத்து, அந்த அமீனின் நைதரசன் அந்த அமிலத்தின் காபனில் போய் ஒட்டினால் இன்னொரு நீர் மூலக்கூறு வெளியேறும். மிஞ்சுவது நான்கு காபனும் இரண்டு நைதரசனும் கொண்ட ஆறு அணு வளையம். டைகீற்றோபிப்பரசீன் என்பது அதன் பெயர்.

வரலாற்றில் இது மறுபக்கமாகத்தான் தொடங்கியது. 1901 இல் ஏமில் பிஷரும் ஏர்னஸ்ட் பூர்னோவும் கிளைசினின் வளையத்தைத் திறந்துதான் கிளைசில்கிளைசின் என்ற இருபெப்தைட்டைச் செய்தார்கள். வறுத்த கொக்கோவிலும் கோப்பியிலும் நாக்கில் படும் கசப்பில் ஒரு பங்கு இப்படிப்பட்ட வளையங்களுடையது.

கரைசலில் நடப்பதும் திண்மத்தில் நடப்பதும் ஒன்றுதானே?

தாக்கம் ஒன்றுதான். ஆனால் மூலக்கூறு இருக்கும் நிலைமை வேறு.

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் காலை பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஓமந்தை தாண்டும்போதே கால் வைக்க இடமில்லை. உங்கள் செருப்பு வார் கழன்றுவிட்டது. குனிந்து மாட்ட வேண்டும். உங்கள் முதுகு நன்றாக வளையும், கை காலுக்கு எட்டும், ஆனால் குனிய முடியாது. முன்னால் ஒருவரின் முழங்கை, பின்னால் ஒருவரின் பை. அதே ஆள் வெறும் முற்றத்தில் நின்றால் ஒரு நொடியில் குனிந்து மாட்டிவிடுவார். கரைசல் என்பது அந்த முற்றம். பளிங்கு என்பது அந்த பஸ்.

மாங்குளத்தில் பத்துப் பேர் இறங்கினால் கொஞ்சம் இடம் வரும். குனியலாம். பளிங்கிலும் அப்படித்தான். உள்ளே அடைபட்டிருந்த நீர் மூலக்கூறுகள் சூட்டில் வெளியே போனபின், அதுவரை அசையாமல் நின்ற பெப்தைட்டு வளையத் தொடங்குவதை நாம் பார்க்கிறோம். ஆகவே ஒரு மூலக்கூறுக்கு வளையத் தெரியுமா என்று மட்டும் கேட்டால் போதாது. அதன் அயலவர் அதை வளைய விடுவார்களா என்றும் கேட்க வேண்டும்.

பளிங்கு அடுக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நெல் மூடைகளை அட்டியாக அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மூடை, ஒரே நிறை. ஆனால் தைத்த வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, அடுத்த வரி நீளமா குறுக்கா, எத்தனை மூடைக்கு ஒருமுறை அந்த ஒழுங்கு திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்து அட்டி வேறு அட்டி. மூலக்கூறுகள் சாலகத்தில், அதாவது பளிங்கின் திரும்பத் திரும்ப வரும் அந்த அட்டியில், நிற்கும் ஒழுங்கைத்தான் பளிங்கு அடுக்கு என்கிறேன்.

பனங்கற்கண்டையும் பனங்கட்டியையும் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டும் பதநீரிலிருந்து வந்தவை. கற்கண்டை வெளிச்சத்தில் திருப்பினால் தட்டையான முகங்கள் பளிச்சென்று ஒளியைத் திருப்பி அடிக்கும், உடைத்தால் தளமாக உடையும். பானைக்குள் நாட்களாக மெல்ல மெல்ல வளர்ந்ததால் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. பனங்கட்டி காய்ச்சி ஊற்றி அவசரத்தில் இறுகியது. அதில் நீண்ட ஒழுங்குக்கு நேரம் கிடைக்கவில்லை.

பெப்தைட்டுகளின் அடுக்கில் அடிக்கடி வரும் ஒரு கோலம் உண்டு. திண்மத்தில் அமீன் நுனி நேரேற்றத்தோடும் அமில நுனி மறையேற்றத்தோடும் இருப்பதால், ஒன்றின் தலை அடுத்ததன் வாலைப் பிடித்து ஐதரசன் பிணைப்பால் வரிசையாகக் கோத்து நிற்கும். இந்தத் தலை-வால் ஒழுங்கை அமினோ அமிலப் பளிங்குகளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயனும் அவருடன் வேலை செய்தவர்களும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த நைதரசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே ஏறத்தாழ 0.28 நானோமீற்றர்தான்.

அடுக்கு மாறினால் தாக்கமும் மாறும் என்பதற்கு என்ன ஆதாரம்?

மிகச் சுத்தமான ஆதாரம் பெப்தைட்டிலிருந்து வரவில்லை, சினமிக் அமிலத்திலிருந்து வந்தது. 1960களில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்மிட் குழுவினர் இந்த அமிலத்தின் வகைகளை வெவ்வேறு பளிங்கு வடிவங்களில் எடுத்து ஒளியில் வைத்தார்கள். அல்பா வடிவம் ஒரு விளைவைத் தந்தது. பீற்றா வடிவம் வேறொன்றைத் தந்தது. காமா வடிவம் எதுவுமே தரவில்லை. அயல் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் ஏறத்தாழ 0.42 நானோமீற்றருக்குள் இருந்தால்தான் தாக்கம் என்பது அவர்கள் கண்ட விதி.

உருக்கினால் மூன்றும் ஒன்றுதான். கரைத்தாலும் ஒன்றுதான். அடுக்கில் மட்டும்தான் வேறுபாடு, அந்த வேறுபாடே விளைவைத் தீர்மானித்தது. இதை முதலில் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதுவரை தாக்கம் என்றால் குடுவையும் கரைசலும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் பெப்தைட்டிலும் தூரம் குறைந்தால் போதுமா?

போதாது. சினமிக் அமிலத்தில் இரண்டு மூலக்கூறுகள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கை கோக்கின்றன. பெப்தைட்டு தன் உடம்பையே திருப்ப வேண்டும். இடைஞ்சல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெரிய இடைஞ்சல் நடுவிலுள்ள பெப்தைட்டுப் பிணைப்பு. நேரான பெப்தைட்டில் அது பெரும்பாலும் எதிர்ப்பக்க வடிவில் இருக்கும், அதாவது இரண்டு நுனிகளும் எதிரெதிர்த் திசைகளில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு அணு வளையத்துக்குள் அது ஒரே பக்க வடிவில்தான் இருக்க முடியும். ஒன்றிலிருந்து மற்றதற்குத் திருப்ப ஒரு மூலுக்கு 80 கிலோயூல் அளவில் சக்தித் தடை இருக்கிறது. கரைசலிலேயே அது சிறிய வேலையல்ல. பளிங்கில் திரும்பும்போது, ஒவ்வோர் அமினோ அமிலத்திலிருந்தும் பக்கவாட்டில் நீட்டும் பக்கச் சங்கிலிகள் அயலவரை இடிக்கும். புரோலின் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்தைட்டுகள் சுலபமாக வளையமாவதற்கு ஒரு காரணம், புரோலின் பிணைப்பு ஒரே பக்க வடிவத்துக்கு அவ்வளவு வெறுப்புக் காட்டாதது.

அடுத்தது கோணம். நைதரசன் அந்தக் காபனை எந்தப் பக்கத்தாலும் தாக்க முடியாது. காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்போடு ஏறத்தாழ 107 பாகைக் கோணத்தில் வர வேண்டும். பூர்கி, டுனிட்ஸ் என்ற இருவர் பளிங்குக் கட்டமைப்புகளை ஒப்பிட்டே இதைக் கண்டார்கள்.

பிறகு புரோத்தன். நேரேற்றத்தோடு நிற்கும் நைதரசனுக்குத் தாக்குவதற்கு இலத்திரன் சோடி இல்லை. அருகிலுள்ள ஏதாவது ஒன்று அதனிடமிருந்து ஒரு புரோத்தனை வாங்க வேண்டும். யார் அருகில் நிற்கிறார் என்பதை அடுக்குத்தான் முடிவு செய்கிறது.

கடைசியாக, பிறக்கும் நீர் வெளியே போக வழி வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் அது சாலகத்தைக் குழப்பும். குழம்பிய இடத்தில் தாக்கம் வேகமாகும். அதனால்தான் இத்தகைய தாக்கங்கள் பளிங்கு முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மேற்பரப்பிலோ உள்ளே ஒரு பழுதான இடத்திலோ மெல்லத் தொடங்கி, கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, திடீரென்று பரவும்.

பக்கத்து மூலக்கூறின் அமிலம் அவ்வளவு கிட்ட இருக்கும்போது ஏன் அதோடு சேர்ந்து நீண்ட சங்கிலியாகக் கூடாது?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி புதுக்குடியிருப்பிலிருந்து வருபவர். எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி இது.

கிட்ட இருப்பது அயலவரின் ஒட்சிசன். தாக்க வேண்டியது அதற்கு அப்பாலுள்ள காபனை. அது இன்னும் கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் தவறான கோணத்தில் இருக்கிறது. சரி, ஒரு சோடி எப்படியோ சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அவை ஒன்றையொன்று இழுத்து நெருங்கும்போது அந்தப் பக்கத்து, இந்தப் பக்கத்து அயலவரிடமிருந்து விலகிவிடும். கை கோத்து நிற்கும் வரிசையில் நடுவில் இருவர் கட்டிப்பிடித்தால் அவர்களின் மற்றக் கைகள் விடுபடுவதுபோல. ஒவ்வொரு சேர்க்கையும் அடுத்த சேர்க்கையைக் கடினமாக்குகிறது. வளையமாவதோ ஒரு மூலக்கூறின் சொந்த விடயம், வரிசை முழுவதும் நகரத் தேவையில்லை. எப்போதும் வளையம்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபெப்தைட்டைத் திண்மமாகச் சூடாக்கினால் முதலில் எதிர்பார்க்க வேண்டியது அதுதான்.

ஓர் உதாரணத்தை முழுமையாகச் சொல்வீர்களா?

பீனைலலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்த இருபீனைலலனின். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலோயிட் புரதத்தின் நடுப்பகுதியில் இந்தச் சோடி இருக்கிறது. 2001 இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹென்றிக் யோர்பிட்ஸ் இதன் பளிங்குக் கட்டமைப்பை வெளியிட்டார். 2003 இல் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் மெய்தால் ரெச்செஸ், எஹுட் காசிட் இருவரும் இது நீரில் தானாகவே நுண்குழாய்களாக அடுக்கிக்கொள்வதைக் காட்டி, அந்தக் குழாயை அச்சாக வைத்து வெள்ளிக் கம்பி வார்த்தார்கள்.

உள்ளே பார்த்தால் ஆறு மூலக்கூறுகள் தலை-வாலாகக் கைபிடித்து ஒரு வட்டமாக நிற்கின்றன. அந்த வட்டம் சுருள்படிபோல மேலே ஏறுகிறது. நடுவில் ஏறத்தாழ 1 நானோமீற்றர் அகலமான வெளி. ஏற்றமுள்ள நுனிகளெல்லாம் அந்த வெளியைப் பார்த்தபடி இருப்பதால் அதற்குள் நீர் நிற்கிறது. எண்ணெய்க் குணமுள்ள பென்சீன் வளையங்கள் வெளிப்பக்கம் நீட்டி அடுத்த குழாயின் வளையங்களோடு கோத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு பென்சீன் வளையங்களும் பெப்தைட்டுத் தளத்தின் ஒரே பக்கத்தில் இருப்பது இதன் விசேடம்.

இதைச் சூடாக்குங்கள். முதலில் குழாய் நீர் போகிறது. 150 பாகை செல்சியஸை அண்டும்போது மூலக்கூறுகள் வளையமாகத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நீரை விடும். மூலக்கூற்று நிறை 312.4, போவது 18.0, அதாவது 5.8 சதவீத நிறை இழப்பு. வளையமான பிறகு ஏற்றமுள்ள நுனிகளே இல்லை, ஆகவே தலை-வால் பிடி கழன்றுவிடுகிறது, அறுகோணச் சமச்சீர் செங்கோணச் சமச்சீராக மாறுகிறது. அழுத்தினால் மின்னைத் தரும் குணம் அந்தக் குழாய்களுக்கு இருந்தது. அது போய்விடும். ஆறவைத்தாலும் திரும்பாது.

வலைலலனின் என்ற இருபெப்தைட்டும் குழாய் வகைதான், ஆனால் அதன் வெளி 0.5 நானோமீற்றர் அளவு, உட்சுவர் நீரை விரும்பாதது. பெயர் ஒன்று, குழாய் இரண்டு, உள்ளே நடக்கும் வாழ்க்கை வேறு.

அஸ்பார்ட்டேம் இனிப்பும் இப்படி வளையமாகுமாமே?

ஆகும். அஸ்பார்ட்டிக் அமிலமும் பீனைலலனினும் சேர்ந்த இருபெப்தைட்டின் மீதைல் எசுத்தர், அதாவது அமில நுனியில் மெதனோல் சேர்ந்த வடிவம்தான் அஸ்பார்ட்டேம். 1965 இல் ஜேம்ஸ் ஷ்லட்டர் வேறு ஆய்வில் இருந்தபோது தற்செயலாக விரலில் பட்டு அதன் இனிப்பு தெரியவந்தது. எசுத்தர் என்பதால் வளையமாகும்போது நீருக்குப் பதிலாக மெதனோல் வெளியேறும்.

கடையில் வருவது இரண்டு மூலக்கூறுக்கு ஒரு நீர் உள்ள, ஊசி போன்ற பளிங்கு. சூடாக்கினால் 120 பாகை அளவில் அந்த நீர் போகிறது, நிறையில் 3 சதவீதம். அதற்குப் பிறகு ஒரு நீண்ட சமதளம், ஒன்றும் நடக்காது. 180 பாகையை அண்டி மெதனோல் போகிறது. நீரற்ற அஸ்பார்ட்டேமின் நிறை 294.3, மெதனோல் 32.0, இழப்பு 10.9 சதவீதம். நிறையிழப்பு வரைபில் அந்த இரண்டு படிகளையும் முதன்முறை பார்த்தபோது வரைபுத் தாளை விரலால் தடவிப் பார்த்தேன். படிகளுக்கு இடையேயுள்ள அந்தச் சமதளம்தான் பளிங்கு அடுக்கின் கைவேலை. கரைசலில் அப்படியொரு பொறுமை இல்லை. நடுநிலையான நீர்க் கரைசலில் அஸ்பார்ட்டேம் சாதாரண வெப்பநிலையிலேயே வளையமாகிக்கொண்டு போகும். பீஎச் 4.3 ஐ அண்டித்தான் கரைசலில் அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

எங்கள் வீடு தகரக் கூரை. சித்திரை வெயிலில் அம்மாவின் இனிப்புக் குளிசை வளையமாகிவிடுமா?

உலர்ந்திருந்தால் இல்லை. 35, 40 பாகை என்பது 180 இலிருந்து எவ்வளவோ தூரம். ஈரம் படாமல் போத்தலை இறுக்கி மூடி வையுங்கள், அது போதும்.

தேத்தண்ணியில் போட்டு உடனே குடிப்பதிலும் பிரச்சினை இல்லை. பாயசத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் இனிப்புக் குறைந்துவிடும், ஏனென்றால் வளையம் இனிக்காது. இறக்கிய பிறகு கலக்குங்கள். வளையத்துக்கும் ஏற்கத்தக்க அளவு வகுத்திருக்கிறார்கள்: அஸ்பார்ட்டேமுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், வளையத்துக்கு 7.5 மில்லிகிராம். பீனைல்கீற்றோனூரியா என்ற பிறவி நோய் உள்ள பிள்ளைகளுக்கு அஸ்பார்ட்டேமே கொடுக்கக் கூடாது.

பிரஷர் குளிசைகளிலும் இது நடக்குமாமே. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். எனலாப்பிரில், லிசினோப்பிரில், குயினாப்பிரில் எல்லாம் பெப்தைட்டுப் போன்ற உடம்புள்ள மருந்துகள். அமீனும் அமிலமும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருப்பதால் அதே ஆறு அணு வளையமாக மூடிக்கொள்ள அவற்றுக்கு வழி இருக்கிறது. மூடினால் மருந்தின் வேலை போய்விடும்.

குயினாப்பிரில் ஐதரோகுளோரைட்டை வைத்து 2000 இல் வெளிவந்த ஆய்வொன்று எனக்கு மறக்காது. பளிங்கொழுங்கு குலைந்த, கண்ணாடி போன்ற நிலையில் அது உருகாமலேயே வளையமாகிக்கொண்டு போகிறது. மூலக்கூறு அதேதான். பஸ்ஸில் ஆட்கள் குறையவில்லை, ஆனால் ஒழுங்காக நின்றவர்கள் கண்டபடி நிற்கத் தொடங்கிவிட்டார்கள், இடைவெளிகள் பிறந்துவிட்டன. எனலாப்பிரிலை மலியேற்று உப்பாகச் செய்வதற்கும் இங்கே தொடர்பு உண்டு. அந்த உப்பில் அமீன் ஒரு புரோத்தனைச் சுமந்துகொண்டிருப்பதால் தாக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது, சாலகமும் உறுதியாக நிற்கிறது.

என் அம்மம்மா குளிசைகளைத் தாளிலிருந்து பிரித்து ஒரு பழைய ரின்னில் கொட்டி, அடுப்படி யன்னலில் வைப்பார். ஒருமுறை திறந்து பார்த்தேன். சிலவற்றின் விளிம்பு நொருங்கி, விரலில் மாவாக ஒட்டியது. ஈரமும் சூடும் சேர்ந்து குளிசையின் ஒழுங்கைக் குலைக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் படித்தவன், சொந்த வீட்டு யன்னலைப் பார்க்கப் பிந்திவிட்டேன். குளிசையை அதன் உறையிலேயே வையுங்கள். வீட்டின் குளிர்ச்சியான, வெயில் படாத அறை எதுவோ அங்கே வையுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

குளிசையை அரைத்துக் கொடுத்தால்?

உடனே விழுங்கினால் வளையமாக நேரமில்லை. சில குளிசைகளை வேறு காரணங்களுக்காக அரைக்கவே கூடாது என்பதால் கேட்டுவிட்டு அரையுங்கள். அரைத்து நாட்கணக்கில் வைப்பது வேறு. அரைக்கும்போது பளிங்கு சிறிதாவதோடு அதன் ஒழுங்கும் உடைகிறது, புதிய மேற்பரப்புகளும் பழுதுகளும் பிறக்கின்றன. மருந்துத் தொழிற்சாலைகள் அரைப்பதை இவ்வளவு கவனமாகச் செய்வது அதனால்தான்.

வளையமாகிவிட்டது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

ஒரு கருவி போதாது. நிறையிழப்பு எவ்வளவு போனது என்று சொல்லும், என்ன போனது என்று சொல்லாது. வெப்பக் கருவி எந்த வெப்பநிலையில் சக்தி உறிஞ்சப்பட்டது என்று சொல்லும். தூள் எக்ஸ் கதிர் பழைய அடுக்குப் போய்ப் புதியது வந்ததைக் காட்டும். செந்நிறக் கீழ் நிறமாலையில் நான் முதலில் தேடுவது 1550 அலையெண்ணை அண்டிய பட்டையை. எதிர்ப்பக்கப் பெப்தைட்டுப் பிணைப்பில் அது நன்றாகத் தெரியும், வளையத்தின் ஒரே பக்கப் பிணைப்பில் காணாமல் போகும். நான்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்புவேன்.

இது உயர்தரப் பரீட்சைக்கு வருமா?

இந்தத் தலைப்பில் வராது. ஐதரசன் பிணைப்பு, ஏமைட்டு, ஏவற்சக்தி எல்லாம் வரும்.

வன்னியில் இருந்துகொண்டு இதைப் படிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனியாக எழுந்து நிற்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் எங்கள் அறிவியல் நகரிலேயே இருக்கின்றன. ஆனால் பளிங்கைப் பார்க்கப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவகத்தில் 2019 இலேயே பத்து இலட்சம் கட்டமைப்புகள் சேர்ந்துவிட்டன. தனித்தனிக் கட்டமைப்புகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து திருப்பிப் பார்க்கலாம்.

போன மாதம் வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவனுக்கு என் கைத்தொலைபேசியில் இருபீனைலலனினைத் திறந்து கொடுத்தேன். விரலால் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தான். குழாய் நேரே முகத்தைப் பார்த்து நின்றதும் விரலை எடுத்துவிட்டு, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஆறு வரை எண்ணினான். பிறகு கேட்டான்: "சேர், சூடாக்கினால் தண்ணி எந்தப் பக்கத்தால வெளியில போகும்?" குழாயின் நீளப்பாட்டுக்கு, இரண்டு நுனியாலும் என்றேன். "அப்ப நுனியில இருக்கிறதுக்கும் நடுவில இருக்கிறதுக்கும் ஒரே நேரத்தில இடம் கிடைக்காதே" என்றான். பஸ் கதையை அவனுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.